வேறு கம்பெனி காரின் அலாய் வீலை மாட்டலாமா? சட்டமும் பாதுகாப்பும்

சென்னை புதுப்பேட்டையிலோ உங்கள் ஊர் பழைய பாகக் கடையிலோ ஹோண்டா ஜாஸிலிருந்து கழற்றிய நாலு அலாய் வீல் மலிவாகக் கிடைக்கிறது. உங்களிடம் இருப்பது ஹூண்டாய் ஐ20. இரண்டுக்குமே நாலு ஓட்டை, இரண்டுக்குமே பி.சி.டி. (போல்ட் ஓட்டைகளின் நடுப்புள்ளிகள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம்) 100 மி.மீ. "அப்படியே உட்காரும் சார்" என்கிறார் கடைக்காரர். உட்காரும்தான். ஆனால் மாட்டிய பிறகு போலீஸோ ஆர்.டி.ஓ.வோ கேட்டால் என்ன சொல்வது, நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது அந்த வீல் பத்திரமாக நிற்குமா என்பதையும் வாங்குமுன் யோசிக்க வேண்டும்.

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவில் 'அலாய் வீல்' என்ற சொல்லே கிடையாது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்றுதான் அது சொல்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கறாராகவே படித்தது: தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு முரணான மாற்றம் கூடாது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ(4) சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தும் பாகங்களும் இதில் அடங்கும் என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

இதை வைத்து அலாய் வீலே குற்றம் என்று பயப்பட வேண்டாம். உங்கள் வண்டியின் உயர் வேரியன்டில் கம்பெனியே அலாய் கொடுத்திருக்கும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். காற்றழுத்தத்தோடு டயர் அளவுகளும் அதில் இருக்கும். உரிமையாளர் கையேட்டிலும் பார்க்கலாம். அந்த அளவுக்குள் இருக்கும் ரிம், டயர் என்றால் நீங்கள் தயாரிப்பாளர் விவரத்தைத் தாண்டவில்லை என்று சொல்ல வலுவான இடம் இருக்கிறது. அதைத் தாண்டிய நிமிடமே 52-ஆவது பிரிவின் எல்லைக்கு வந்துவிடுகிறீர்கள். வீலில் எந்தக் கம்பெனி முத்திரை இருக்கிறது என்பதைவிட இந்த அளவுதான் முக்கியம் என்பது என் கருத்து.

அளவு என்றால் ரிம்மின் இஞ்ச் மட்டும் இல்லை. டயரோடு சேர்ந்த மொத்த விட்டத்தைப் பாருங்கள். 185/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 621 மி.மீ. 195/55 ஆர்16-உம் ஏறத்தாழ அதேதான். ஆனால் 195/60 ஆர்16 போட்டால் 640 மி.மீ. ஆகிவிடும்; 3 சதவீதம் அதிகம். மீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்னைவிட 3 கி.மீ. கூடுதல் வேகத்தில் ஓடும்.

இனி அந்த ஜாஸ் வீலுக்கு வருவோம். ஹோண்டா வீலின் நடு ஓட்டை 56.1 மி.மீ. ஐ20-இன் ஹப், அதாவது வீல் வந்து உட்காரும் அச்சின் நடுப்பகுதி, 54.1. சுற்றிலும் 1 மி.மீ. இடைவெளி விழும். வீலை நடுவில் பிடித்து நிறுத்த வேண்டிய ஹப் அதைத் தொடவே தொடாது. ஸ்டியரிங் நடுங்க இது போதும். ஹப் ரிங் என்று ஒரு வளையம் விற்கிறார்கள், சரியான அளவில் வாங்கிப் போட்டால் இது தீரும். தலைகீழாக, ஐ20 வீலை ஜாஸில் மாட்டவே முடியாது, ஹப் உள்ளே நுழையாது.

இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஹோண்டாவின் ஒரிஜினல் வீலில் நட் உட்காரும் குழி உருண்டையானது. ஹூண்டாய், மாருதி நட்டுகளின் நுனி கூம்பு. ஹோண்டாவுக்கும் ஹூண்டாய்க்கும் நட்டின் மரை ஒன்றே, எம்12 × 1.5. அதனால் ஐ20-இன் பழைய நட்டே ஜாஸ் வீலில் சுலபமாக ஏறி இறுகிவிடும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் உருண்டைக் குழியில் கூம்பு ஒரு மெல்லிய கோட்டில்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஓட ஓட நட் தளரும். வீலோடு சேர்த்து அதற்குரிய உருண்டை நட்டையும் வாங்கித்தான் ஆக வேண்டும். ஸ்விஃப்ட் வைத்திருப்பவருக்கு இன்னொரு சிக்கல்: மாருதியின் மரை எம்12 × 1.25. ஹோண்டா நட் அதில் ஏறாது. அடித்து ஏற்றினால் நட் ஏறும் ஸ்டட்டின் (ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்) மரை போய்விடும்.

பி.சி.டி.யிலும் 'கிட்டத்தட்ட' என்ற பேச்சே கூடாது. ஓட்டை எண்ணிக்கை × பி.சி.டி. என்று எழுதினால், ஃபியட் புன்டோ 4 × 98, ஃபோர்டு ஃபிகோ 4 × 108, போலோ 5 × 100. புன்டோ வீலை 4 × 100 ஹப்பில் இழுத்து மாட்டித் தரும் கடைகளைக் கேள்விப்பட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆஃப்செட் எண்ணையும் பாருங்கள்; வீலின் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம் அது, மி.மீ.யில். பழையதைவிட 10 குறைந்தால் வீல் 10 மி.மீ. வெளியே தள்ளும், பேரிங் மேல் பாரம் கூடும், வளைவில் டயர் ஃபெண்டரில் உரசலாம்.

புதிய ரிம் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வீல் ரிம்களுக்கு 2020-இல் மத்திய அரசு தரக் கட்டுப்பாட்டு ஆணை போட்டிருக்கிறது. அதற்கான தரநிலை ஐ.எஸ். 16192. பழையது என்றால் உட்புறத்தைத் துடைத்துப் பார்த்து வெல்டிங் தடம், விரிசல் தேடுங்கள். வெல்டிங் வைத்த அலாயை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பில் கட்டாயம் கேளுங்கள், பழைய வீல் திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, வீலின் விலையைப் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். தெரிவிக்காமல் விட்டால் வீல் திருடுபோனாலோ நசுங்கினாலோ அதன் மதிப்பைக் கேட்பது கஷ்டம். புது வண்டியாக இருந்தால் வாரன்டி நிபந்தனையை முதலில் படியுங்கள்.

மாட்டிய பின் டார்க் ரென்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து உங்கள் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள், 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை மறுபடி பாருங்கள். கழற்றிய பழைய நட்டில் நாலைந்தைத் துணியில் சுற்றி டிக்கியில் போட்டுவையுங்கள். ஸ்டெப்னி இன்னும் பழைய இரும்பு ரிம்தான். நடுவழியில் பஞ்சரானால் அதை மாட்ட அந்த நட்டுதான் வேண்டும்.