‘இன்ஃப்ளேமபிள்’ என்றால் தீப்பிடிக்காதது அல்ல

பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்புறம் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். மிக எளிதில் தீப்பற்றும் என்பது பொருள். இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. அவர்கள் மீது தவறில்லை. கரெக்ட், இன்கரெக்ட், விசிபிள், இன்விசிபிள் என்று முன்னால் ‘இன்’ வந்தாலே எதிர்ச்சொல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள், ‘ஃப்ளேமபிள்’ எரியுமென்றால் ‘இன்ஃப்ளேமபிள்’ எரியாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் இரண்டு சொற்களுக்கும் ஒரே பொருள்தான்.

லத்தீனில் ‘இன்’ இரண்டு உண்டு. ஒன்று ‘இல்லை’ என்று மறுப்பது. மற்றது ‘உள்ளே’ என்று சொல்வது. இன்ஜெக்ட், இன்ஹேல், இன்க்ளூட் எல்லாம் இந்த வகை. ‘ஃப்ளம்மா’ என்றால் தீக்கொழுந்து, ‘இன்ஃப்ளம்மாரே’ என்றால் தீ மூட்டுதல். ‘இன்ஃப்ளேமபிள்’ அங்கிருந்து வந்தது. ‘ஃப்ளேமபிள்’ 19ஆம் நூற்றாண்டில்தான் ஆங்கிலத்தில் தலைகாட்டியது. தவறான புரிதல் உயிருக்கே ஆபத்து என்பதால் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களில் ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதச் சொன்னது. பிரிட்டிஷ் தரநிர்ணய நிறுவனமும் 1959இல் அதையே வலியுறுத்தியது. எரியாத பொருளுக்கு ‘நான்-ஃப்ளேமபிள்’ என்று எழுதுவார்கள்.

நினைவில் வைக்க ஒரு சோதனை போதும். கடைசியில் உள்ள ‘ஏபிள்’, ‘இபிள்’ போன்ற ஒட்டை எடுத்துவிட்டு, மிஞ்சுவது வினைச்சொல்லா என்று பாருங்கள். ‘இன்ஃப்ளேம்’ என்று வினை உண்டு, மூட்டிவிடு என்று பொருள். மூட்டக்கூடியது இன்ஃப்ளேமபிள். ‘இன்விசிபிள்’ சொல்லில் ‘இன்விஸ்’ என்றொரு வினை இல்லை. ஆகவே அங்கே ‘இன்’ மறுப்பு.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதைவிட நல்ல பிடி ஒன்று இருக்கிறது. மருத்துவ அறிக்கையில் வரும் ‘இன்ஃப்ளமேஷன்’ இதே வேரில் பிறந்த சொல். தமிழில் அதை அழற்சி என்கிறோம். அழல் என்றால் நெருப்பு! இன்ஃப்ளமேஷன் அழற்சி, இன்ஃப்ளேமபிள் அழல் பற்றுவது என்று சேர்த்துப் பதித்துக்கொண்டால் மறக்காது. பார்த்துப் படிப்பதைவிட, சொல்லின் பொருளை மறைத்துவைத்து, அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது நல்லது. மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று இடைவெளி கூட்டிச் செய்யுங்கள். ஒரே நாளில் ஐம்பது தடவை எழுதுவது வீண்.

லேபிளில் சொல்லோடு படத்தையும் பாருங்கள்: சிவப்புக் கட்டமிட்ட வைர வடிவத்துக்குள் கறுப்புத் தீச்சுடர். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகியவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, தள்ளியிருக்கும் அடுப்பையும் எட்டிவிடும். அப்படியொரு திரவத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்தால் லேபிளும் போய்விடுகிறது, எச்சரிக்கையும் போய்விடுகிறது. அது வந்த டப்பாவிலேயே இருக்கட்டும். எழுத்து அழிந்திருந்தால் ‘எளிதில் தீப்பற்றும்’ என்று தமிழிலேயே மார்க்கரால் எழுதி ஒட்டுங்கள்.