அந்தச் சொல்லைப் பிள்ளை எங்கே பழகியது?

கனடாவில், டொரொன்டோ நகரத்தின் ஸ்காபரோவில் தமிழ்க் குடும்பங்களோடு ஆலோசகராக வேலை செய்கிறேன். பாடசாலைகளுக்கு உரைபெயர்ப்புக்கும் போவதுண்டு. ஒருநாள் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்ன தமிழ்ச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டுக் கூப்பிட்டார்கள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பக்கத்தில் இருந்த கறுப்பினப் பிள்ளை பென்சிலை எடுத்துவிட்டதாம். இவன் "காப்பிலி" என்று கத்தியிருக்கிறான், கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லுகிற சொல். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அழுதுவிட்டது.

தகப்பன் வேலை உடுப்போடு ஓடி வந்திருந்தார். "அது தூசணம் இல்லையே, எங்கட ஆக்கள் எல்லாரும் சொல்லுறதுதானே" என்றார். அதையும் நான் அதிபருக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. பையன் தன் பனிச் சப்பாத்தின் பட்டியைக் கழற்றிக் கழற்றி ஒட்டிக்கொண்டிருந்தான். பிறகு தலை நிமிராமலே, "அப்பா கார் ஓடேக்க சொல்லுறவர்" என்றான்.

அரபியில் 'காஃபிர்' என்றால் நம்பிக்கையற்றவன். அதைப் போர்த்துக்கீசர் ஆப்பிரிக்கர்களுக்கு வைத்தார்கள். அடிமைகளாகவும் படையாட்களாகவும் இலங்கைக்குக் கொண்டுவந்தவர்களையும் அப்படியே அழைத்தார்கள். அது நம் வாயில் காப்பிலி ஆயிற்று. கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளம் பக்கம் சிறாம்பியடியில் இருக்கிறார்கள். ஆக, 'ஊர்ச்சொல்' என்று நாம் சொல்வது அடிமை வியாபாரம் விட்டுப்போன சொல்.

கெட்ட மனம் என்று சொல்லிவிட முடியாத பயத்தைத்தான் என் அறையில் அதிகம் பார்க்கிறேன். "கறுவலோட திரிஞ்சா பிள்ளை கெட்டுப்போயிடும்" என்று கண் கலங்குகிற தாய்மார் இருக்கிறார்கள். 1990களில் இதே நகரத்தில் தமிழ்ப் பொடியன்கள் நாலு பேர் ஒன்றாக நின்றால் 'காங்' (அடிதடிக் கும்பல்) என்றார்கள். சண்டையில் சம்பந்தப்பட்டவர்கள் சிலர். பெயர் கெட்டது எல்லாருக்கும். கோப்பை கழுவப் போன இடத்தில் 'பாக்கி' (Paki, தெற்காசியரை இழிக்கிற சொல்) என்று ஏச்சு வாங்கியவர்கள் நாங்கள். அந்த வலி தெரிந்தவர்கள் அதே முத்திரையை இன்னொரு பிள்ளையின் நெற்றியில் குத்தும்போது எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. 1950களில் கனடாவின் குடிவரவு விதிகள் வெள்ளையரல்லாதவர்களுக்குக் கதவை ஏறக்குறைய மூடியே வைத்திருந்தன. அதை எதிர்த்து 1954இல் ஒட்டாவாவுக்குப் போய் வாதாடிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பார்படோசில் பிறந்த டொனால்ட் மூர் என்ற கறுப்பினத்தவர். 1962இல் விதிகள் தளர்ந்தன, 1967இல் படிப்பு, தொழில் போன்றவற்றுக்குப் புள்ளி போட்டு ஆட்களை எடுக்கும் முறை வந்தது. 1983க்குப் பிறகு நாங்கள் வந்து இறங்கிய நாட்டின் கதவை எங்களுக்கு முன்னரே தட்டியவர்களில் அவர்களும் உண்டு. கனடாவின் நோவா ஸ்கோசியா மாகாணத்தில் 1783இலேயே குடியேறிய கறுப்பினக் குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளையின் சிநேகிதனிடம் "நீ எந்த நாடு?" என்று கேட்குமுன் இதை நினைத்துப் பாருங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் அந்தச் சொற்களை விடுங்கள். பிள்ளை பின் இருக்கையில் தூங்குகிறது என்று நம்பாதீர்கள். ஏற்கெனவே சொல்லிவிட்டால், "நான் சொன்னது பிழை" என்று பிள்ளைக்கு முன்னாலேயே சொல்லுங்கள். அடித்துத் திருத்தப் போகாதீர்கள். சிநேகிதனை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், அவன் தாயோடு போனில் கதையுங்கள். அப்புறம், சொந்த மகளையே "வெயிலுக்க போகாத, கறுத்துப்போவாய்" என்று அதட்டுகிற வீட்டில் நிறத்தைப் பற்றிய பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அந்தத் தகப்பன் மறுநாளே மகனைக் கூட்டிக்கொண்டு போய் மற்றப் பிள்ளையின் தாயிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அவருடைய பேஸ்மென்ட் வாடகை விளம்பரம் தமிழ்க் கடைச் சுவரில் ஒட்டியிருந்தது: 'தமிழ் ஆக்களுக்கு மட்டும்.' குசினியும் குளியலறையும் தனியாக உள்ள வீட்டுக்கு இப்படி எழுதுவது ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்துக்கு எதிரானது என்று விளக்கினேன். மாற்றுகிறேன் என்றார். போன கிழமை பார்த்தேன், அப்படியே இருக்கிறது. திரும்பவும் போன் எடுத்தேன்.