வெள்ள நிவாரணம்: சேற்றை வாருவதற்கு முன் இதைச் செய்யுங்கள்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் அரிசி, மெழுகுவத்தி எல்லாம் வாங்கி வைக்கிறோம். அதோடு வீடு, மாடு, வயல் மூன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு நிவாரணம் கேட்டு நிற்கும்போது, இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான்.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் 2022-26க்கான விதிப்படி உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய், கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, குடிசைக்கு 8,000. 2024 ஃபெஞ்சல் புயலின்போது தமிழக அரசு உயிரிழப்புக்கு 5 லட்சம், குடிசைக்கு 10,000 என்று கூட்டி அறிவித்தது. பணம் இருக்கிறது. அது நம் கைக்கு வராமல் போவது பெரும்பாலும் முதல் இரண்டு நாளில்தான்.

மின்னல் தாக்கி இறந்தவரை, உடம்பை அறுக்க வேண்டாம் என்று அன்றைக்கே அடக்கம் செய்துவிடுகிறார்கள். அந்தத் தவிப்பு புரிகிறது. ஆனால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாத மனு தாலுகா அலுவலகத்தில் மேஜையை விட்டு நகராது. பிள்ளைகளின் படிப்புக்கு ஆக வேண்டிய பணம் அப்படியே போய்விடும். மாடு செத்தாலும் இதே கதைதான். நாற்றம் வருமுன் புதைக்கத்தான் வேண்டும். அதற்கு முன் கால்நடை மருத்துவரை வரவழைத்துச் சான்று வாங்குங்கள்.

இடிந்த சுவரை வி.ஏ.ஓ. பார்க்கும் முன் எடுத்துக் கட்டிவிட்டால் சேதமே இல்லை என்று எழுதிவிடுவார்கள். ஆள் வரவில்லையா? மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077க்கு அழைத்து, கொடுத்த புகாரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பயிரில்தான் ஏமாற்றம் அதிகம். சேதம் 33 சதவீதத்துக்குக் குறைந்தால் ஒன்றும் கிடையாது. கணக்கெடுக்க வருவதோ தண்ணீர் வடிந்த பிறகு. அப்போது வரப்பில் நின்று பார்த்தால் நெல் பச்சையாகத்தான் தெரியும்; பிடுங்கினால் வேர் கறுத்து அழுகியிருக்கும். அதிகாரியை வயலுக்குள் இறக்கி, நாலு இடத்தில் பிடுங்கிக் காட்டுங்கள். குத்தகைக்கு உழுபவர்கள், யார் என்ன பயிர் வைத்திருக்கிறார்கள் என்று வி.ஏ.ஓ. எழுதும் அடங்கல் பதிவேட்டில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று மழைக்கு முன்பே பாருங்கள். இல்லையென்றால் நட்டம் உங்களுக்கு, நிவாரணம் நிலத்துக்காரருக்கு.

அப்புறம், "லிஸ்ட் அனுப்பியாச்சு, வரும்" என்ற பதிலை நம்பித் திரும்பாதீர்கள். வாய்ச்சொல்லுக்குக் கணக்கு கிடையாது. மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வி.ஏ.ஓ. வருவாய் ஆய்வாளரை (ஆர்.ஐ.) கைகாட்டி, அவர் தாசில்தாரைக் கைகாட்டினால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் அந்தச் சீட்டோடு போய் நில்லுங்கள். நிவாரணப் பணம் வர வேண்டிய வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கிறதா என்பதை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.