காலவழு: வரலாற்றுப் புதினத்துக்கு இலக்கணம் தந்த சொல்

மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்துத் தூண் ஒன்றில் சாய்ந்தபடி, சங்ககாலப் பாண்டிய வீரன் ஒருவன் தன் காதலியின் வரவை எதிர்பார்த்து நிற்பதாக ஒரு கதை தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியூர் வாசகர் அடுத்த வரிக்குச் சென்றுவிடுவார்; அந்த மண்டபம் 1569 ஆம் ஆண்டளவில் அரியநாத முதலியாரால் கட்டப்பட்டது என்பதை அறிந்த மதுரைக்காரர் அங்கேயே நின்றுவிடுவார். ஒரு காலத்துக்கு உரிய பொருளையோ வழக்கத்தையோ சொல்லையோ, அது தோன்றியிராத வேறொரு காலத்தில் கொண்டுபோய் வைத்துவிடும் இத்தகைய பிழையை மேலைநாட்டுத் திறனாய்வாளர்கள் 'அனக்ரோனிசம்' என்பர். எதிர், பின் என்னும் பொருள்களைத் தரும் 'அனா' என்ற கிரேக்க முன்னொட்டும், காலத்தைக் குறிக்கும் 'க்ரோனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லும் சேர்ந்து அமைந்தது அது.

தமிழில் இதற்குக் காலமுரண், காலப்பிழை, காலக்குழப்பம் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. காலப்பிழை என்பது 1569 ஐ 1596 என்று எழுதிவிடும் வெறும் ஆண்டுப் பிழையையும் குறிக்கக்கூடும். முரண் என்னும் சொல்லிலோ இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் குறிப்பு இருக்கிறதே தவிர, எழுதுபவர் அறியாமல் சறுக்கிவிட்டார் என்ற குறிப்பு இல்லை. எனவே 'காலவழு' என்பதே பொருத்தமானது என்பது என் கருத்து. வழுவுதல் என்றால் தவறுதல், நழுவுதல். அச்சொல்லிலேயே அந்தச் சறுக்கல் இருக்கிறது.

இது புதிதாக ஆக்கிய சொல்லும் அன்று. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழும் மயங்கி வருவது வழு என்று நன்னூல் வகுக்கிறது. 'நேற்று வருவான்', 'நாளை வந்தான்' என்பன கால வழுவுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் எடுத்துக்காட்டுகள். வினைமுற்றில் நேரும் அதே மயக்கம் ஒரு கதையின் அடுக்களையிலோ அரண்மனையிலோ நேர்ந்தால், அதற்கும் அதே பெயரை நீட்டித்துக்கொள்வதில் தடையில்லை.

கட்டடங்களில் நேரும் காலவழுவை எவரும் எளிதில் காட்டிவிடலாம். அன்றாடப் பொருள்களில் ஒளிந்திருப்பதே கடினமானது. நெடுஞ்செழியன் காலத்துச் சமையல்காரர் குழம்பில் மிளகாயைக் கிள்ளிப் போட முடியாது, ஏனெனில் அது போர்த்துகீசியர் வழியாகப் பிற்காலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய். அதுவரை காரத்துக்கு மிளகையே நம்பியிருந்த நாடு, வந்த காய்க்கும் மிளகின் பெயரையே ஒட்டிவிட்டது. ஜன்னல், சாவி ஆகிய இரண்டும் போர்த்துகீசியத்திலிருந்து வந்த சொற்கள். திருமலை நாயக்கர் காலத்துக் கதையில் அவை உறுத்தமாட்டா, ஆனால் கோவலனும் கண்ணகியும் வந்து சேர்ந்த மதுரையில் ஒரு பெண் தன் வாயால் 'ஜன்னலைச் சாத்து' என்று சொன்னால் உறுத்தும். சிலப்பதிகாரமே தந்த 'சாளரம்' இருக்கிறதல்லவா? 'நிமிடம்' இன்னும் நுட்பமானது. கண்ணிமைக்கும் நேரத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததாயினும், அறுபது நொடி என்னும் இன்றைய அளவு கடிகாரத்தோடு வந்தது. 'ஐந்து நிமிடம் பொறு' என்று ஒற்றன் சொல்லும்போது சொல் பழையது, அளவு புதியது.

இவ்வளவு கண்டிப்பாகப் பார்த்தால் ஒருவரும் வரலாற்றுப் புதினம் எழுத முடியாதே என்ற வினா நியாயமானது. அதற்கான விடையும் அதே இலக்கணத்தில் இருக்கிறது என்பதுதான் இச்சொல்லின் சிறப்பு. வழுவைச் சொன்ன இலக்கணம் வழுவமைதியையும் சொல்கிறது. தக்க காரணம் இருந்தால் வழுவையும் பிழையன்று என ஏற்றுக்கொள்வதே வழுவமைதி. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் முக்காலமும் பிறழலாம் என்று கூறும் நன்னூல், 'ஏற்புழி', அதாவது ஏற்ற இடத்தில், என்ற வரம்பையும் கூடவே வைக்கிறது. வீட்டைவிட்டே கிளம்பாதவர் தொலைபேசியில் 'இந்தா வந்துட்டேன்' என்று சொல்வதை மதுரையில் எவரும் பிழை என்று திருத்துவதில்லை.

எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியனின் வேள்விக்குடிச் செப்பேட்டு மொழியில் பாத்திரங்களைப் பேசவிட்டால், கல்வெட்டு அறிஞர்களைத் தவிர வேறெவரும் படிக்கமாட்டார்கள். ஆகவே இன்றைய தமிழில் உரையாடலை எழுதுவது தெளிவின் பொருட்டு வந்த காலவழுவமைதி. கதை சொல்பவர் தம் குரலில் 'ஜன்னல்' என்று எழுதுவதையும் நான் மன்னித்துவிடுவேன். பாத்திரத்தின் வாயில் அது வரும்போதுதான் வழு.

ஆனால் சங்ககாலப் பாண்டியன் கதையில் அழகர் மதுரைக்கு வந்து வைகையில் இறங்கும் காட்சியை வைத்தால் அதற்கு இந்த அமைதியைத் தர இயலாது. மீனாட்சி திருக்கல்யாணத்தையும் அழகர் ஆற்றில் இறங்குவதையும் ஒரே திருவிழாவாக இணைத்தவர் திருமலை நாயக்கர் என்பது மதுரையில் வழிவழியாகச் சொல்லப்படுவது. ஆற்றங்கரையில் பெருங்கூட்டம் ஒன்று கதைக்குத் தேவை என்பது மட்டுமே காரணமானால், புதுப்புனல் பெருகி வரும் வைகையில் ஊரே திரண்டு நீராடுவதைப் பரிபாடல் பாடி வைத்திருக்கிறது. எழுத்தாளர் அதை எடுத்துக்கொள்ளலாம்.