நாற்பது மணி நேரத்தில் ஒரு ரெட்

தண்டையார்பேட்டையில் ஒரு கேரம் கிளப். இரண்டு நாள் டோர்னமென்ட், மூன்று கேமரா, மொத்தம் 40 மணி நேர வீடியோ. ஹார்ட் டிஸ்க்கை என் மேஜையில் வைத்துவிட்டு கிளப் அண்ணன் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, செமி ஃபைனல்ல ரெட்டும் ஃபாலோவும் ஒரே அடியில விழுந்துச்சே, அது எங்கப்பா இருக்கு?” சிவப்புக் காய்தான் ரெட்; அது நமக்குச் சேர, கூடவே போட வேண்டிய காய் ஃபாலோ.

டிஸ்க்கில் இருந்ததெல்லாம் சி0001, சி0002 என்று பெயரில்லாத ஃபைல்கள். கிளப் லேப்டாப்பில் ஓட்டினால் படம் திக்கித் திணறுகிறது. அண்ணன் லேப்டாப்பைத் திட்டினார். பாவம், அது என்ன செய்யும்?

4கே வீடியோவின் ஒரே ஒரு படத்தில் (ஃப்ரேமில்) 3840க்கு 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட், விநாடிக்கு 25 படம் என்று அப்படியே எழுதினால் ஒரு மணி நேரத்துக்கு 2.2 டெராபைட் வேண்டும். ஆனால் கேமராவின் மெமரி கார்டில் ஏறியது மணிக்கு 45 ஜிபிதான், ஐம்பதில் ஒரு பங்கு. மிச்சம் எங்கே போனது?

கேரம் போர்டையே பாருங்கள். மேலே தொங்கும் கேமராவுக்குப் போர்டு அசைவதே இல்லை. 19 காய்களில் ஒரு அடிக்கு நாலைந்து நகர்ந்தால் அதிகம். அதனால் ஒரு முழுப் படத்தை எழுதிவிட்டு, அடுத்தடுத்த படங்களுக்கு மாற்றத்தை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். காய் என்றெல்லாம் கேமராவுக்குத் தெரியாது. படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ‘இந்தக் கட்டம் போன படத்தில் எங்கே இருந்தது?’ என்று தேடுகிறது, அவ்வளவுதான். 2003-இல் வந்த எச்.264, 2013-இல் வந்த எச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறைகள் இரண்டுக்கும் அடிப்படை இதுதான். சுருக்கியதை விரிக்கிற வேலைதான் லேப்டாப்பின் கழுத்தை நெரிக்கிறது.

சரி, 1080 அளவில் விநாடிக்கு 5 மெகாபிட்டில் ஒரு இலகுவான காப்பி போட்டேன். எங்கள் வீடியோ எடிட்டிங் பாஷையில் பிராக்ஸி. மணிக்கு 2.25 ஜிபி, 40 மணி நேரமும் 90 ஜிபிக்குள் அடங்கிவிட்டது. அழகாக ஓடியது. ஆனால் நடுவில் எங்கே தாவினாலும் படம் கொஞ்சம் உறைந்து நின்றது.

தப்பு என்னுடையது. காப்பி போட்ட எக்ஸ்264 மென்பொருளை அதன் போக்கில் விட்டால் இரண்டு முழுப் படங்களுக்கு நடுவே 250 படம் வரை இடைவெளி விடும். காட்சி மாறினால் இடையிலேயே புது முழுப் படம் எழுதும். அசையாத போர்டில் காட்சி எங்கே மாறுவது? பத்து விநாடிக்கு ஒரு முழுப் படம்தான் கிடைத்தது. ஒன்பதாவது விநாடிக்குத் தாவினால், முன்னால் உள்ள இருநூற்றுச் சொச்சம் படங்களையும் கணக்குப் போட்டுத்தான் அது வந்து சேரும். இடைவெளியை 25 ஆக்கி மறுபடி போட்டேன். ஃபைல் அதே அளவுதான், தாவினால் உடனே நிற்கிறது.

அசல் ஃபைல்களைத் தொடவே இல்லை. இரண்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, எம்டி5 ஒப்பிட்டேன். ஃபைல் எவ்வளவு பெரிதானாலும் அதைப் படித்து 32 எழுத்தில் ஒரு கைரேகை தரும் கணக்கு அது; ஒரே ஒரு பிட் புரண்டாலும் கைரேகை அடியோடு மாறிவிடும்.

அப்புறம்தான் நிஜமான வேலை: பெயர் வைப்பது. ஒரு கேமராவின் கடிகாரத்தில் காலையும் மாலையும் மாறிக் கிடந்ததால், முதல் சுற்று எல்லாம் ராத்திரி நடந்ததாகக் காட்டியது. அதைச் சரிசெய்து, மேட்சுக்கு ஒரு ஃபைலாக வெட்டி, தேதி, போர்டு எண், ஆடியவர்கள் என்ற வரிசையில் பெயர் வைத்தேன். கிளப் பையன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்களை அடையாளம் சொல்ல, ரெட் விழுந்த நேரங்களை எல்லாம் எக்செல்லில் ஏற்றினோம். கிளப்பின் பழைய டிவி ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவைத்தான் படிக்கும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொடக் கூடாது. மேட்ச் மேட்சாக வெட்டியது அதற்கும் உதவியது.

அண்ணன் வந்ததும் ‘ரெட்’ என்று தேடி, செமி ஃபைனலைத் திறந்து, படம் படமாக நகர்த்தினோம். ஒரு படத்துக்கு 0.04 விநாடி. ரெட் முதலில் விழுந்தது. ஃபாலோ மூன்று படம் கழித்து.