கதிர்வீச்சை மறக்காத கண்

கதிர்வீச்சு சிகிச்சையைப் பேச்சு வழக்கில் 'கரண்ட் வைப்பது' என்கிறோம். மின்சாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சொல்லோடு, உள்ளே ஏதோ சுட்டுப் பொசுக்குகிறார்கள் என்ற எண்ணமும் சேர்ந்து வந்துவிடுகிறது. உண்மையில் அங்கே சூடே கிடையாது. கதிர்வீச்சை அளக்கும் அலகு கிரே: ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கினால் அது ஒரு கிரே. தலை, கழுத்துப் புற்றுநோய்க் கட்டிகளுக்கு வழக்கமாக 60 முதல் 70 கிரே வரை, தினமும் சுமார் 2 கிரே வீதம், ஆறேழு வாரம் கொடுக்கிறார்கள். அந்த 70 கிரேயும் ஒரே மூச்சில் இறங்கினால்கூட திசுவின் வெப்பம் 0.02 டிகிரி அளவுக்குத்தான் ஏறும்.

அப்புறம் எப்படி வேலை செய்கிறது? அடி விழுவது டிஎன்ஏவில். அடிபட்ட செல் பெரும்பாலும் அன்றே சாவதில்லை. இரண்டாகப் பிரிய முயலும்போதுதான் மாட்டிக்கொள்கிறது. அடிக்கடி பிரியும் செல்கள் சில வாரங்களில் விழும். எப்போதாவது பிரிபவை வருடக்கணக்கில் ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிட்டு, பிறகு விழும். ஓர் அங்குலத்துக்கும் குறைவான குறுக்களவுள்ள கண்ணுக்குள்ளேயே இந்த இரண்டு வகையும் இருக்கின்றன. அதனால்தான் பாதிப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் தலைகாட்டுகின்றன.

எல்லாத் தலை, கழுத்துக் கட்டியிலும் கண்ணுக்கு ஆபத்தில்லை. நாக்கு, குரல்வளை என்றால் கண் பொதுவாகத் தப்பிவிடும். சிக்கல் வருவது மூக்கின் உள்ளறையிலும், சைனஸிலும், மூக்குக்குப் பின்னால் தொண்டையின் உச்சியிலும் வரும் கட்டிகளில். சைனஸுக்கும் கண்குழிக்கும் நடுவே ஓரிடத்தில் காகிதம் போன்ற மெல்லிய எலும்புதான் தடுப்பு.

சிகிச்சை நடக்கும்போதே இமைமுடி உதிரலாம், கண் சிவந்து உறுத்தலாம். கண்ணீர் வற்றுவது இன்னும் தொல்லை. கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை: மேற்புறம் எண்ணெய், நடுவில் நீர், அடியில் கோழைப்பசை. மூன்றும் சுரப்பது மூன்று இடங்களில். மூன்றுமே கதிரில் நலியக்கூடியவை. எண்ணெய் குறைந்தால் நீர் சீக்கிரம் ஆவியாகும். கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கார்னியா காய்ந்து புண்ணாகும். இதற்கு நேர்மாறாக, கண்ணீர் மூக்குக்குள் வடியும் குழாய் சுருங்கிப்போய், எந்நேரமும் கண்ணீர் வழிந்துகொண்டே இருப்பவர்களும் உண்டு.

கண்ணிலேயே கதிருக்கு மிக எளிதில் கெடுவது லென்ஸ். அது மூடி போட்ட பை மாதிரி. உள்ளே போன செல் எதுவும் வெளியே வராது. பையின் ஓரத்தில் ஒரு வளையமாக இருக்கும் செல்கள் பிரிந்து, நீண்ட இழைகளாகி, உட்கருவைத் தொலைத்துக் கண்ணாடியாகத் தெளிகின்றன. டிஎன்ஏ சிதைந்த செல்லுக்கு இந்தப் பக்குவம் வராது. அரைகுறை இழையாக நகர்ந்து லென்ஸின் பின்சுவர் மையத்தில் போய்த் தேங்குகிறது. அங்கே மங்கல் படர்வதுதான் கதிர்வீச்சுக் கண்புரை. மங்கல் நட்டநடுவில் இருப்பதால், வெயிலில் கண்பாப்பா (ஒளி நுழையும் நடுத்துளை) சுருங்கும்போது பார்வை மோசமாகும்; மங்கிய வெளிச்சத்தில் தேவலாம் போலத் தோன்றும். வெறும் 0.5 கிரேகூட இதற்குப் போதும் என்று 2011-ல் சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. ஆனால் இவ்வளவு குறைந்த அளவில் புரை தெரியவர பல வருடங்கள் பிடிக்கும்.

விழித்திரையில் கதை வேறு. அங்கே முதலில் கெடுவது பார்க்கும் செல்கள் அல்ல, அவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களின் உட்சுவர். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் மூன்று வருடத்துக்குள் குழாய்கள் அடைத்துக் கசிகின்றன. சுமார் 45 கிரேக்கு மேல் போனவர்களிடம் இது அதிகம். சர்க்கரை நோய் இருந்தால் அதைவிடக் குறைந்த அளவிலும் வரலாம். பார்வை நரம்பும் இப்படியே ரத்தமின்றித் தவிக்கும். வலியே இல்லாமல், சில நாட்களில் பார்வை இறங்கிவிடும். அதை மீட்க உறுதியான மருந்து இன்றுவரை இல்லை.

இதனால் சிகிச்சைத் திட்டமே ஒரு பேரம். ஸ்கேன் படத்தில் கட்டியோடு சேர்த்து லென்ஸ், விழித்திரை, நரம்பு எல்லாவற்றுக்கும் தனித்தனியே எல்லை வரைகிறார்கள். முகத்தின் அச்சில் வார்த்த வலைமுகமூடி தலையை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். நரம்புக்குக் கூடியவரை 55 கிரேயைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாதபோது முதலில் விட்டுக்கொடுப்பது லென்ஸைத்தான். கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் புரையை எடுத்துவிட்டு செயற்கை லென்ஸ் வைத்துவிடலாம். நரம்புக்கு மாற்று கிடையாது.

விழித்திரைக் கசிவுக்குக் கண்ணுக்குள் போடும் ஊசி பலருக்கு உதவுகிறது. ஆனால் நோயை முதலில் அடையாளம் காண வேண்டுமே! கதிர்வீச்சில் கெட்ட விழித்திரையும் சர்க்கரையில் கெட்ட விழித்திரையும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் முடிந்துபோன சிகிச்சையைக் கண் மருத்துவரிடம் சொல்ல நோயாளிக்குத் தோன்றாவிட்டால், அவரும் சர்க்கரை அளவைத்தான் முதலில் கேட்பார்.