குழாய்மேல் பழி போடாதீர்கள்

போன வாரமும் எரிந்து போன ஒரு கேத்தோடு, அதாவது வெற்றிடக் கலனுக்குள் எலக்ட்ரான் உமிழும் மின்முனை, என்னிடம் வந்தது. கூடவே வழக்கமான கேள்வி: "குழாய் தரம் சரியில்லை போல சார், வேறு இடத்தில் வாங்கிப் பார்க்கலாமா?" எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கார்பன் குழாய்கள் நெருங்கி நிற்கும் நானோகுழாய்க் காடு முக்கால்வாசி அப்படியே நிற்கிறது. ஓரத்தில் ஒரே ஒரு திட்டு மட்டும் வேரோடு பிய்ந்து போய், அடியிலிருந்த சிலிக்கான் உருகிக் குழியாகியிருக்கிறது. தரம் கெட்ட குழாய் என்றால் மற்ற முக்கால்வாசி எப்படி நிற்கிறதாம்?

கார்பன் நானோகுழாயை எலக்ட்ரான் தரும் ஊற்றாகப் பயன்படுத்தலாம் என்று 1995லேயே காட்டிவிட்டார்கள். டங்ஸ்டன் இழையைப் போலக் காய்ச்ச வேண்டாம், நினைத்த கணத்தில் ஏற்றலாம், நிறுத்தலாம். ஆஸ்திரேலியாவின் மைக்ரோ-எக்ஸ் நிறுவனம் இதை வைத்து நகர்த்தக்கூடிய எக்ஸ்ரே கருவியே விற்கிறது. ஆக, பொருள் உருப்படாதது இல்லை. நாம் கையாளும் விதம்தான் உருப்படவில்லை.

எனக்கு எரிச்சல் மூட்டும் கணக்கு ஒன்று உண்டு. "கேத்தோடில் பத்துக் கோடி குழாய் இருக்கிறது. 1 மில்லிஆம்பியரை வகுத்தால் ஆளுக்கு 10 பிகோஆம்பியர்தான். ஒரு குழாய் 1 மைக்ரோஆம்பியர் தாங்கும். ஒரு லட்சம் மடங்கு பத்திரம்!" கருத்தரங்குகளில்கூட இதைக் கேட்டிருக்கிறேன். வகுத்தல் சரி, வகுத்ததுதான் தப்பு. எல்லாக் குழாயும் பங்கு போட்டுச் சுமப்பதில்லை. மின்புலம் எலக்ட்ரானை வெளியே இழுப்பதைப் பற்றி ஃபவுலரும் நார்ட்ஹைமும் 1928ல் எழுதிய சமன்பாட்டில் குழாய் முனையில் உள்ள மின்புலத்தை 10 சதவீதம் கூட்டிப் பாருங்கள்: கரண்ட் நாலைந்து மடங்காகும். இருமடங்காக்கினால் ஆயிரக்கணக்கான மடங்கு. பக்கத்தில் நிற்பவை ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். கொஞ்சம் நெட்டையானதும், மெலிந்ததும், ஓரத்தில் நிற்பதும்தான் புலத்தை வாங்கிக்கொள்ளும். தோப்பில் இடி விழுவது ஓங்கி நிற்கும் பனையில்தானே? அந்தச் சிறுபான்மை மொத்த மில்லிஆம்பியரையும் சுமக்கிறது, மீதி வேடிக்கை பார்க்கிறது.

அப்புறம் நடப்பதைப் பாருங்கள். ஒரு நெட்டை எரிகிறது, கரண்ட் குறைகிறது. உடனே ஆள் வோல்டேஜைக் கூட்டுகிறார். அடுத்த வரிசைக்கு இப்போது கூடுதல் சுமை, அதுவும் போகிறது. கரண்டை ஒரே அளவில் பிடித்து வைக்கும் முறையில் ஓடும் பவர் சப்ளை என்றால் ஆளே தேவையில்லை, அதுவே கூட்டிக் கொன்றுவிடும். "அப்படியானால் இன்னும் நெருக்கமாக வளர்க்கிறேன்" என்பவர்களுக்கு: நெருக்கினால் மறைப்புதான் கூடும். உயரத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள்.

முதல் முறை வோல்டேஜ் ஏற்றும்போது வரும் அழகான வோல்டேஜ்-கரண்ட் வளைவை நம்பி யாரும் கட்டுரை எழுதாதீர்கள், தயவுசெய்து. குழாய் முனையில் ஒட்டியிருக்கும் நீர் மூலக்கூறுகளே கரண்டைத் தூக்கிக் காட்டும். சூடேறி அவை உதிர்ந்ததும் கரண்ட் இறங்கும். அது பழுதல்ல, இனிமேல்தான் உண்மையான அளவு. ஏற்றும்போதும் இறக்கும்போதும் வளைவு ஒன்றின்மேல் ஒன்று படியும்வரை பொறுமையாகப் பழக்குங்கள். கட்டுக்கடங்காத நெட்டைகள் குறைந்த கரண்டிலேயே மெல்லத் தீர்ந்து போகட்டும்.

வெற்றிடத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? 10⁻⁶ டார் அழுத்தத்தில் சுமார் ஒரு நொடியிலேயே பரப்பின்மேல் ஓர் அடுக்கு வாயு படியக்கூடும். அயனிகள் திரும்பி வந்து முனையை அரிக்கும், ஆக்சிஜன் தின்றே விடும். கலனைச் சுட்டு வாயு நீக்காமல், எலக்ட்ரான் போய் விழும் எதிர்முனையான ஆனோடையும் வாயு நீக்காமல், உயர் வோல்டேஜ் பொத்தானில் கை வைக்காதீர்கள். "பம்ப் காலையிலிருந்து ஓடுகிறது சார்" என்பது அளவீடு அல்ல.

பிடிப்பையும் பாருங்கள். குழாய் வலுவானதுதான், பாதம் வலுவில்லை. பாதம் அடித்தளத்தைத் தொடும் இடத்தில் மின்தடை அதிகமானால் சூடு அங்கேதான் ஏறும். பிய்ந்த குழாய் ஆனோடுக்குப் பறக்கும்போது வில்பொறி வெடிக்கும். நான் பார்த்த அந்தக் குழி அப்படி வந்ததுதான். டைட்டானியம் அடுக்கு போட்டு வெற்றிடத்தில் சூடேற்றினால் இடையில் கார்பைடு உருவாகி ஒட்டும். கலனில் ஏற்றும் முன் உலர் நைட்ரஜனை ஊதிப் பாருங்கள். உதிர வேண்டியது வெளியிலேயே உதிரட்டும்.

கரண்டை மட்டுப்படுத்தத் தொடர் ரெசிஸ்டர் போட்டிருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்வார்கள். எங்கே என்று கேட்டால் பவர் சப்ளை பெட்டிக்குள்! கேபிளில் தேங்கிய மின்னூட்டம் முழுக்க வில்பொறியில் கொட்டுமே, அதை யார் தடுப்பது? கேத்தோடுக்கு ஒட்டி வையுங்கள். அதுவும் மொத்தத்துக்கு ஒன்று வைத்தால் வில்பொறியைத்தான் அடக்கும், குழாய்களுக்குள் சுமையைச் சமன் செய்யாது. அதற்குத் திட்டு திட்டாகத் தனித்தனி ரெசிஸ்டரோ டிரான்சிஸ்டரோ வேண்டும்.

இனி எரிந்த கேத்தோடு கொண்டு வருபவர்கள் அழுத்தப் பதிவையும், வோல்டேஜ் ஏற்றிய பதிவையும், ரெசிஸ்டர் எங்கே இருந்தது என்ற படத்தையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். குழாய் விற்றவரின் பில் எனக்கு வேண்டாம்.